நிலாவுக்குள் வைத்த நட்சத்திரம்

பட்டுப் புடவைக்கு டிசைன் வரைவது என் வேலை. மயில், மாங்காய், யானை, அன்னம், கோபுரம். இந்த ஐந்தையும் எத்தனை விதமாக மாற்றிப்போட முடியுமோ அத்தனை விதமாகவும் பதினெட்டு வருடமாக மாற்றிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இடம் மிச்சமிருந்தால் பூவோ நட்சத்திரமோ போடுவேன். முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் நிரப்பினேன், இப்போது கம்ப்யூட்டரில் நிரப்புகிறேன். ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் நான் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதில்லை. முந்தானையைப் பார்த்து, நான் வரைந்த யானைக்கு நான்கு காலும் வந்திருக்கிறதா என்று எண்ணுவேன். இதைத் தவிர கலைக்கும் எனக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

அப்படிப்பட்ட என்னை ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார்.

"மேடம், போன மாசம் ஆரணி வந்தப்போ ஒரு நீலப் புடவை வாங்கினேன். உடம்பு பூரா நட்சத்திரம் போட்டது. அதை வரைஞ்சது நீங்கதானே?"

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

"சாயம் போச்சுங்களா?" என்றேன். "எனக்கும் சாயத்துக்கும் சம்பந்தமில்லீங்க. நான் வெறும் டிசைன்தான். கடையில கேளுங்க."

அவர் சிரித்தார். புகாராக இருக்கும், தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் கடைக்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகத்தின் எடிட்டர். இரவு வானத்தைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறதாம், அதற்கு நான் படம் போட வேண்டுமாம். புடவைக்கு வரைகிற கை புத்தகத்துக்கு வரைந்தால் புதிதாக இருக்கும் என்று அவர் நினைத்தார். இப்படி நினைக்கிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனாலேயே சரி என்றுவிட்டேன்.

கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதினாறு பக்கப் புத்தகம். எங்கள் வீட்டுக் காஸ் சிலிண்டர் மேல் எழுதியிருக்கிற வார்த்தைகளைவிடக் குறைவான வார்த்தைகள். ஒரு சின்னப் பெண், கரண்ட் போன நேரத்தில் மாடிக்குப் போகிறாள். மேலே பார்க்கிறாள். இன்னும் மேலே பார்க்கிறாள். "அம்மாடி" என்கிறாள். முடிந்தது.

"மிச்சக் கதை எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"கதை அவ்வளவுதான் மேடம். மிச்சத்தை உங்க படம்தான் சொல்லணும்."

மிச்சம் என்றால் வானம்.

"நீங்க கடைசியா எப்ப மேடம் நட்சத்திரம் பார்த்தீங்க?" என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

"நேத்துதாங்க," என்றேன்.

பொய். கடைசியாக நான் வானத்தைப் பார்த்தது மாடியில் மிளகாய் காய்ந்தபோது, மழை வருமா என்று, பட்டப் பகலில். நட்சத்திரம் என்று பார்த்தது என் கல்யாணத்தன்று. அருந்ததி பார்க்கச் சொல்லி ஐயர் கையை நீட்டினார். காலை ஒன்பதரை மணி. அவர் நீட்டிய பக்கத்தில் மண்டபத்துத் தண்ணீர் டேங்க்தான் இருந்தது. தெரிகிறதா என்றார். தெரிகிறது என்று தலையாட்டினேன். டேங்க் தெரிந்தது, அந்த அளவுக்கு அது பொய்யில்லை.

பத்து நாளில் முதல் படங்களை அனுப்பினேன். கறுப்பு வானம், வெள்ளை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை. எந்த நட்சத்திரத்திலிருந்து அளந்தாலும் அடுத்ததற்கு ஒரே தூரம். வானத்துக்குக் கீழே ஒரு மெல்லிய பார்டரும் போட்டிருந்தேன், அது யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது.

எடிட்டர் நல்ல மனுஷி. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

"மேடம், ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது புடவை."

"ஆமாங்க," என்றேன்.

"இதுல வியப்பு இல்ல மேடம். பார்க்கிற குழந்தை வாயைப் பிளக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பூ பக்கத்துப் பூவைவிட அரை விரல் தள்ளிப் போயிருந்தால் புடவையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒழுங்காகப் போட்டதற்குப் போய் ஒருவர் குறை சொல்கிறாரே என்று இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் டிவி டிஷ் மாட்டுகிறவர், கேமராவும் மாட்டுவார். ஊரில் பாதி மொட்டை மாடிகள் அவருக்குத் தெரியும்.

"வியப்புன்னா இன்னாங்க?" என்றேன்.

அவர் இட்லியைப் பிட்டபடி யோசித்தார். "வானத்துல எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு எடம். டிஷ்ஷ அந்தப் பக்கம் திருப்பினா படம் வரும். மத்த எடத்துல இன்னா கீதுன்னு நான் பாத்ததே இல்ல. பாத்தா சிக்னல் போயிடும்."

இருபது வருடம் வானத்தைக் காட்டிப் பிழைத்த மனிதருக்கு வானத்தைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரி, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கு சரியாக எங்கள் மாடி உயரத்துக்குத்தான் இருக்கிறது. அதை ஒரு கையால் மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து எண்ணினேன். பதினொன்று. அதில் ஒன்று நகர்ந்து போய்விட்டது, ஏரோப்ளேன். பத்து நட்சத்திரத்துக்கு எவன் வாயைப் பிளப்பான்? இருந்தாலும் கடமைக்கு எது எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன்.

நான்காம் நாள் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கிலோ மைசூர்பாகோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவர் எங்களுக்குக் கொடுத்த முதல் பொருள் அது. கணவரைத் தனியாகக் கூப்பிட்டு வாசலில் நின்று பேசினார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"தம்பி, நம்ம அக்கம்பக்கத்துல இருக்கறவங்க. எதுவா இருந்தாலும் நேரா சொல்லியிருக்கலாம்."

"இன்னாண்ணே ஆச்சு?"

"உங்க வீட்டம்மா தெனமும் மேல வந்து எங்க மாடியப் பாத்து எழுதிகினு கீறாங்களே. ஒரே ஒரு ரூம்தான் தம்பி போட்டோம். ஷீட்டுதான். பொண்ணு பிரசவத்துக்கு வருது, எடம் பத்தல. நகராட்சில எழுதிப் போட்டுடாதீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தன் வீட்டு மாடியில் அனுமதி வாங்காமல் ஒரு அறை கட்டியிருக்கிறார். நான் மேற்கே நட்சத்திரம் எண்ணியபோதெல்லாம் அந்த அறைதான் என் கண்ணுக்கு நேராக இருந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நான் வெளியே வந்து உண்மையைச் சொன்னேன்.

"அண்ணே, நான் நட்சத்திரம் பாக்கறேன். கொழந்தைங்க புக்குக்கு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இவ்வளவு மட்டமான பொய்யை இதற்கு முன் யாரும் அவரிடம் சொன்னதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் நான் மேலே போனபோது அவர் மாடியின் சுவர் முழுக்க நீலத் தார்ப்பாய் உயரமாகக் கட்டியிருந்தது. என்னுடைய பத்தில் நான்கு நட்சத்திரம் அதற்குப் பின்னால் போய்விட்டது. மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது.

தை மாதக் கடைசி அது. அந்த வாரம் கணவருக்குப் பெரணமல்லூர் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு வீட்டில் டிஷ் சரிசெய்கிற வேலை வந்தது. பகலில் வேறு வேலை இருந்ததால் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். "நீயும் வா. அங்க தெரு லைட்டே கெடையாது. வேணுங்கற மட்டும் எண்ணிக்கோ," என்றார். ஸ்கூட்டரில் அவர் பையையும் டிஷ்ஷின் இரும்புக் காலையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அந்த வீட்டு அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். "வாங்க, வாங்க. ஜல்தியா பாருங்க. ஏழரைக்கு சீரியல். நேத்தே விட்டுட்டேன், அவ அடி வாங்கினாளா இல்லையான்னு தெரியல," என்றார். கணவர் டிஷ்ஷுக்குப் போனார். நான் மாடியின் மறுகோடிக்குப் போய் அண்ணாந்தேன். இரண்டு நிமிடத்தில் கழுத்து வலித்தது. துப்பட்டாவை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை, எரிச்சல். இவ்வளவு பெரிய இடம், இவ்வளவு சரக்கு, எவனோ கைக்கு வந்தபடி இறைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மூலையில் குவியல், ஒரு மூலையில் ஒன்றுமே இல்லை. பெரிசுக்குப் பக்கத்தில் சிறிசு, சிறிசுக்குப் பக்கத்தில் தூசி. மூன்று நட்சத்திரம் மட்டும் ஒரே கோட்டில், சம இடைவெளியில் இருந்தன. அந்த மூன்றை மட்டும் தொழில் தெரிந்த யாரோ போட்டிருக்கிறார்கள், மிச்சத்தைக் கூலிக்கு விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் பத்து தெரிந்த இடத்தில் நூறு தெரிந்தது, நூறுக்கு நடுவில் இன்னும் ஏதோ புகை மாதிரி தெரிந்தது. தரை என் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் விழுந்துவிடுவேன் என்று ஒரு பயம் வந்தது. மேலே விழுவேன் என்று. இரண்டு கையாலும் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்து விழுந்தது.

"ஐயோ, இன்னாச்சுங்க உங்க வீட்டம்மாவுக்கு? மயக்கம் போட்டுட்டாங்க," என்று அந்த அம்மா கத்திக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, படம் வந்துவிட்டதா என்று கேட்க மேலே வந்தவர், நான் வாயைத் திறந்து கண்ணைத் திறந்து அசையாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் தன் முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் எழுந்து உட்கார்ந்து, "மயக்கம் இல்லீங்க. நட்சத்திரம் பாத்துகினு இருந்தேன்," என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது தெனமும் இருக்கறதுதானே. இதுல இன்னா நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலீங்க."

"அதாங்க. எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான் பாத்துகினு ஒக்காருவாரு. கேட்டா ஒண்ணுமில்லம்பாரு," என்றார். என் தலையைத் துடைக்கத் தன் முந்தானையை நீட்டினார். கீழே சீரியலின் பாட்டு கேட்டதும் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

வரும் வழியில் ஈரத் தலையோடு காற்றில் நடுங்கிக்கொண்டு வந்தேன். கணவர், "பாத்தியா, வியப்பு வந்துச்சா?" என்றார். "ஜலதோஷம் வந்துச்சு," என்றேன்.

ஆனால் என்ன வரைய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எப்படி வரைவது என்றுதான் தெரியவில்லை. கை தானாகவே சம தூரத்தில் போய் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைத்துப் பார்த்தேன். மூடிய கண்ணோடும் வரிசையாகவே வைத்திருந்தேன், பதினெட்டு வருடப் பழக்கம். கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு பிடி கேழ்வரகை எடுத்து, கறுப்புச் சார்ட் தாளைத் தரையில் விரித்து, நின்ற இடத்திலிருந்து இறைத்தேன். விழுந்த இடமே நட்சத்திரம். போட்டோ எடுத்து, அதன்மேல் வரைந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிடி. கேழ்வரகு நாலாபக்கமும் ஓடி, இரண்டு மாதத்துக்குப் பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது.

எடிட்டர் போனிலேயே கண் கலங்கினார். "இதுதான் மேடம் நான் கேட்ட வியப்பு. எப்படி வந்துச்சு?"

"சும்மா வந்துச்சுங்க," என்றேன். கேழ்வரகைப் பற்றிச் சொல்லவில்லை.

அட்டைக்கு மட்டும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. உள்ளே எல்லாம் இறைத்தது. அட்டையிலாவது என் கை தெரிய வேண்டாமா? ஒரு பிறை நிலாவைப் பெரிதாகப் போட்டு, அதன் இரண்டு கொம்புகளுக்கும் நட்டநடுவில் ஒரு நட்சத்திரத்தைக் கச்சிதமாக உட்காரவைத்தேன். மாங்காய்க்குள் பூ வைப்பது போல. வெற்றிடம் இருந்தால் நிரப்ப வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். எடிட்டருக்கு ரொம்பப் பிடித்தது. அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்தது.

ஆடி மாதம் புத்தகம் வந்தது. உள்ளே என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கணவர் ஒரு பிரதியை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நெஜமாவே நட்சத்திரந்தான் பாத்தாங்களா?" என்றாராம். அதற்குப் பிறகு தார்ப்பாயைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குள் அவர் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது, குழந்தைத் துணி காயப்போடத் தார்ப்பாய் தோதாக இருந்தது. கழற்றவில்லை.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற தொடக்கப் பள்ளிக்குப் பதிப்பகம் முப்பது பிரதிகள் அனுப்பியிருந்தது. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசித்தேன். "அம்மாடி" வரும் இடத்தில் மொத்த வகுப்பும் "அம்மாடி" என்று கத்தியது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"மிஸ், இந்த நட்சத்திரம் நெலாவுக்கு முன்னாடி வந்துடுச்சா?" என்று அட்டையைக் காட்டினாள்.

"இல்லடா கண்ணு. நட்சத்திரம் ரொம்ப தூரத்துல இருக்குது. நெலாவுக்குப் பின்னாடி."

"பின்னாடி இருந்தா எப்பிடித் தெரியும்?"

"நெலா இந்த ஓரத்துலதான் இருக்குது பாரு. நடுவுல காலியாத்தானே இருக்குது?"

"காலியா இல்ல மிஸ். நெலா முழுசா அங்கதான் இருக்குது. இருட்டா இருக்குது."

ஹெச்.எம். "உக்காரும்மா," என்றார். அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"எங்க வூட்ல கரண்ட் போனா எங்கம்மா தெரிய மாட்டாங்க. அதுக்காக எங்கம்மா இல்லாமயா போயிடறாங்க? அங்கயேதான் இருக்காங்க. நடந்து போனா இடிக்கும்."

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முப்பது ஜோடிக் கண்கள். சமாளிக்க நினைத்தேன். கதைப் புத்தகத்தில் அப்படியெல்லாம் இருக்கலாம், கற்பனை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

"உனக்கு யாரு இதெல்லாம் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல. எங்கப்பா லோடு ஆட்டோ ஓட்டறாரு. தேசூர்ல எங்க அத்த வூடு. வரும்போது நான் பின்னாடி படுத்துகினு வருவேன். அப்ப பாத்திருக்கேன். மெலிசா இருக்கற நெலாவுல மிச்ச நெலாவும் லேசாத் தெரியும்."

"தப்புதான்," என்றேன். "நான் தப்பா வரைஞ்சிட்டேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வெற்றிச் சிரிப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எடிட்டருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அவர் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம், நாங்க எட்டுப் பேர் இந்த அட்டையைப் பார்த்தோம்," என்றார் கடைசியில். "அதுல ஒருத்தர் பி.எஸ்சி. பிசிக்ஸ்."

"இங்க ஒருத்தி ரெண்டாங் கிளாஸ்," என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். கணவர் சாப்பிடும்போது எனக்கு ஆதரவாக ஒரு வழி சொன்னார். "அது நட்சத்திரம் இல்ல, சேட்டிலைட்டுன்னு சொல்லிடு. சேட்டிலைட் நெலாவுக்கு முன்னாடிதான் இருக்கும். டெக்னிக்கலா கரெக்ட்." எட்டு முனை வைத்த சேட்டிலைட்டை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

அமாவாசை முடிந்து மூன்றாம் நாளிலிருந்து பிறையைப் பார்க்க அலைந்தேன். எங்கள் மாடியில் மேற்கே தார்ப்பாயும் குழந்தைத் துணியும்தான். ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் ஏழு மணிக்கு முன்னால், பஸ்ஸும் டூவீலரும் ஹாரன் அடித்துக்கொண்டு போக, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேற்கே, நகம் வெட்டிப் போட்டது போல ஒரு கீற்று. கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அதற்குள்ளே, சாம்பல் நிறத்தில், முழு உருண்டையும் இருந்தது. வெளிச்சமான கீற்று அதைக் கையில் ஏந்தியிருப்பது போல இருந்தது. நாற்பத்தொரு வருடமாக அது அங்கே இருந்திருக்கிறது. நான் அந்த இடத்தைக் காலி என்று நினைத்து அதில் பூ வைத்திருக்கிறேன்.

"அம்மாடி" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. படம் போடும்போது அந்த வார்த்தையை நூறு தடவை படித்துச் சலித்திருந்தேன். ஆனால் ஹாரன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்பது உண்மை.

அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. என் அட்டையில் பிறை நட்டுக்குத்தாக, எழுந்து நின்றது. நம் ஊர் பிறை அப்படி நிற்பதில்லை, தொட்டில் மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டிருக்கிறது. எங்கேயோ பார்த்த படத்தை நான் அப்படியே போட்டிருக்கிறேன். அந்த இரட்டைச் சடைப் பெண் விட்டுவிட்ட இரண்டாவது தப்பு. இதை எடிட்டரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அடுத்த பதிப்பில் நட்சத்திரத்தை வெளியே தள்ளிவிடலாம், இருக்கிற பிரதிகளில் கறுப்பு மையால் மூடிவிடலாம் என்று எடிட்டர் முடிவெடுத்தார். சென்னைப் பிரதிகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து முப்பதும் என் பொறுப்பு. ஒரு டப்பா கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கிக்கொண்டு போய்க் குழந்தைகளிடமே கொடுத்துவிட்டேன். புத்தகத்தில் கிறுக்கச் சொல்லி ஒரு பெரியவர் தானாக வந்து பேனா கொடுப்பது அவர்கள் வாழ்க்கையில் முதல் தடவை. வெறியோடு இறங்கினார்கள். நட்சத்திரம் போனது. சிலவற்றில் பாதி நிலாவும் போனது. ஒருவன் வானம் முழுக்க அடித்துவிட்டு, "மேகம் வந்துடுச்சு மிஸ்," என்றான். கடைசி பெஞ்சில் ஒருத்தி உள்பக்கத்தைத் திறந்து என் பெயரையும் சேர்த்து மூடியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தப்பு எங்க இருந்தாலும் அடிக்கச் சொன்னீங்களே," என்றாள்.

இரட்டைச் சடைக்காரி மட்டும் பேனாவைத் தொடவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ அடிக்கலையாம்மா?"

"எனக்கு இது அப்பிடியே வேணும் மிஸ். அடிச்சிட்டா யார்கிட்ட இன்னான்னு காட்டறது?"

காட்டினாள். எதிர்வீட்டில் காட்டினாள், ரேஷன் கடையில் காட்டினாள், தேசூர் அத்தையிடம் காட்டினாள். போன வாரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏங்க, நெலாவுக்குள்ள நட்சத்திரம் வச்சது நீங்கதானுங்களா?"

"நான்தாங்க," என்றேன்.

"எம் பொண்ணுதாங்க அது. ஒரே பேஜாரா போச்சு. இப்ப காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, எதுல நெலா இருந்தாலும் எடுத்து வச்சி பாத்துகினு கீது. நேத்து எங்க நாத்தனார் வூட்டுப் பத்திரிகையில தப்பு கண்டுபுடிச்சி, மாப்பிள்ள வூட்டுக்காரங்க எதிர்லயே சொல்லிடுச்சி."

"தப்பு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க," என்றார், கொஞ்சம் பெருமையாகவே. பிறகு என் கூடையைப் பார்த்து, "அந்தக் காய எடுக்காதீங்க, உள்ள புழு இருக்கும்," என்று சொல்லி வேறு நாலு காய் பொறுக்கிப் போட்டார்.